செய்மதி இணையம்: வீட்டில் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்

2025 ஜூலை 2ஆம் திகதி ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவை இலங்கையில் ஆரம்பமானது. அதற்கு முந்திய ஆண்டில்தான் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, அச்சேவைக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டிருந்தது. பைபர் கம்பி எட்டாத ஊர்களிலும், போன் கோபுரத்தின் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காத வயற்புற, மலைப்புற வீடுகளிலும் இப்போது வெள்ளைத் தட்டுகள் தெரியத் தொடங்கியிருக்கின்றன.

இவ்வீடுகளில் பலவற்றில் கருவியை வாங்கிக் கொடுத்தவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார். பாவிப்பவர்கள் உம்மாவும் பிள்ளைகளும். இணையம் நின்றுபோனால் பிள்ளையின் சூம் வகுப்பும் வாப்பாவின் அழைப்பும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. உடனே யாரையாவது அழைத்து, வந்துபோகும் கூலியைக் கொடுத்து, அவர் ஒரு பிளக்கை அழுத்திவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் வீட்டுப் பையன் மழை ஈரத்தோடு கூரையில் ஏறுகிறான். பணம் போவது ஒரு நட்டம். ஆள் விழுவது ஈடுசெய்ய முடியாத நட்டம்.

ஆகவே இந்தப் பாடத்தில் ஒரு விடயத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்வோம். செய்மதி இணையம் என்பது ஐந்து கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி: மின்சாரம், கேபிள், வானம், கணக்கு, வைஃபை. இணையம் நின்றால் இந்த ஐந்தில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்கும் முன் எதையும் கழற்றவோ மாற்றவோ கூடாது. அதைக் கண்டுபிடிப்பதற்குப் பெரும்பாலும் கூரையில் ஏற வேண்டிய தேவையே இல்லை.

இது எவ்வாறு வேலை செய்கிறது?

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமியோடு சேர்ந்து சுற்றி, நமது பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்கும். அத்தகைய செய்மதிகள் மூலம் உலகம் முழுவதும் தொடர்பாடலாம் என்ற யோசனையை 1945இல் ஒரு கட்டுரையில் விளக்கியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் காலமான அதே எழுத்தாளர்தான். நமது வீடுகளிலுள்ள டிஷ் ரீவி அந்த வகைச் செய்மதியைத்தான் பார்க்கிறது. ஆனால் அந்த உயரத்துக்குச் செய்தி ஏறி இறங்கவே கால் வினாடி ஆகும். கேள்வி போய்ப் பதில் வர அரை வினாடி. படம் பார்ப்பதற்கு அது பரவாயில்லை. போனில் பேசும்போது ஒருவர் பேச்சில் மற்றவர் மோதிக்கொள்ள நேரும்.

ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கின்றன. தூரம் குறைவு என்பதால் தாமதமும் சாதாரணமாக ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். ஆனால் தாழ்வாகப் பறப்பவை ஓரிடத்தில் நிற்க மாட்டா. ஒவ்வொன்றும் சுமார் 95 நிமிடங்களில் பூமியைச் சுற்றிவிடுகிறது. நமது தலைக்கு மேலே சில நிமிடங்களே தெரியும். ஒன்று மறையும் முன் அடுத்ததைப் பிடித்துக்கொள்வதே நமது தட்டின் வேலை. தட்டு அசைவதில்லை, அதனுள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு அன்டெனாக்கள் சேர்ந்து தமது பார்வையை மின்னணு முறையில் திருப்பிக்கொள்கின்றன.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வகைச் செய்மதி இணையத்தில் மொடம் வீட்டுக்குள்ளே தனிப் பெட்டியாக இருக்கும். இந்த வகையில் மொடத்தின் வேலையைத் தட்டே செய்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பெட்டி ரவுட்டர். வந்த இணையத்தை வைஃபையாகப் பங்கிடுவதுதான் அதன் பணி. வானத்தில் உள்ள கோளாறுக்கு ரவுட்டரை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பயன் கிடைக்காது.

வாங்குவதற்கு முன்

உங்கள் வீதிக்குப் பைபர் வந்திருந்தால் முதலில் அதன் கட்டணத்தை விசாரியுங்கள். பைபர் கிடைக்கும் வீட்டுக்குச் செய்மதி இணையம் பெரும்பாலும் தேவைப்படாது.

மின்கட்டணத்தையும் கணக்குப் பாருங்கள். வழமையான பெரிய தட்டு சராசரியாக 75 முதல் 100 வோற் வரை மின்சாரம் எடுக்கும். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 1.8 முதல் 2.4 அலகு, 30 நாட்களுக்கு 54 முதல் 72 அலகு. நமது நாட்டில் மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண முறையே மாறுகிறது. இதுவரை 50 அலகுக்குள் சமாளித்த வீடு, இணையக் கட்டணத்தோடு கூடுதல் மின்பட்டியலையும் சுமக்க வேண்டியிருக்கும். மினி என்ற சிறிய தட்டு 25 முதல் 40 வோற் வரை எடுக்கும். மாதத்துக்கு 18 முதல் 29 அலகு. செயலியில் தூங்கும் நேரத்தைக் குறித்துவைக்கும் வசதியும் உண்டு. இரவு 11 மணி முதல் சுபஹ் வரை நிறுத்திவைத்தால் கணிசமான அலகுகள் மிச்சமாகும்.

பாவித்த கருவியை வாங்குபவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டும் ஒரு கணக்கோடு பிணைக்கப்பட்டது. விற்பவர் தமது கணக்கிலிருந்து அதை விடுவிக்காவிட்டால் நீங்கள் உங்கள் கணக்கில் சேர்க்க முடியாது. உங்கள் செயலியில் அக்கருவி ஏற்றுக்கொள்ளப்படுவதைக் கண்ணால் கண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கொண்டுவர நினைப்பவர்கள், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வேறு நாட்டில் எடுத்த வீட்டுப் பாவனைக் கணக்கு இங்கே அப்படியே வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம்.

இடம் தெரிவு செய்தல்

டிஷ் ரீவி வானத்தில் ஒரே ஒரு புள்ளியைப் பார்க்கிறது. அந்தப் புள்ளிக்கு நேரே மரம் இல்லாவிட்டால் போதும். செய்மதி இணையத் தட்டோ ஏறத்தாழ 110 பாகை அகலத்துக்கு வானத்தைப் பார்க்கிறது. அகன்ற வாயுள்ள புனல் ஒன்றைத் தட்டின் மேல் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புனலுக்குள் எது வந்தாலும் அது தடைதான். ரீவிக்கு ஒரு குறையும் செய்யாத பக்கத்து வளவுத் தென்னை, இணையத்தை அடிக்கடி அறுத்துவிடுவது இதனால்தான்.

செயலியிலே தடைகளைப் பார்க்கும் பகுதி இருக்கிறது. தட்டை வைக்க நினைக்கும் இடத்தில் நின்று, போன் கமராவை வானத்தை நோக்கிப் பிடித்து, செயலி சொல்லும்படி சுற்றிலும் காட்டினால், அந்த இடம் பொருத்தமா என்று அதுவே சொல்லும். மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். முற்றத்தின் நடுவிலோ கிணற்றடியிலோ நிலத்தில் நட்ட ஓர் இரும்புப் பைப்பே போதுமாக இருக்கலாம். கொங்கிரீட் தட்டுக் கூரை இருந்தால் இன்னும் நல்லது.

அஸ்பெஸ்டஸ் சீட் கூரையில் ஒருபோதும் கால் வைக்காதீர்கள். வெயிலிலும் மழையிலும் பழசாகிப்போன சீட் மேலே உறுதியாகத் தெரியும், மிதித்ததும் உடைந்துவிடும். ஓட்டுக் கூரையும் மழைக்குப் பின் வழுக்கும். கூரையில்தான் வைக்க வேண்டும் என்றால், பழக்கப்பட்ட மேசனையோ கூரை வேலைக்காரரையோ பகல் வெளிச்சத்தில், காய்ந்த நாளில் அழையுங்கள். அந்தக் கூலி வீண் செலவாகாது.

பொருத்தும் ஒழுங்கு

ஒன்று: பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, வேறு இணையத் தொடர்புள்ள போனில் செயலியை இறக்கி, கணக்கைத் தயார் செய்யுங்கள்.

இரண்டு: தட்டை அதனோடு வரும் தாங்கியில் வைத்து, தெரிவு செய்த இடத்தில் தற்காலிகமாக நிறுத்துங்கள். இந்த நாளில் சுவரில் துளை போட வேண்டாம்.

மூன்று: கேபிளின் ஒரு முனையைத் தட்டிலும் மறு முனையை ரவுட்டரிலும் செருகுங்கள். இடைவெளியே தெரியாதபடி, மேற்பரப்போடு மட்டமாகும்வரை அழுத்த வேண்டும். அரைகுறையாகச் செருகிய முனையே புதிய இணைப்புகளில் அடிக்கடி காணும் குறை.

நான்கு: மின்சாரம் கொடுத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். முதல் நாளில் கருவி செய்மதிகளைத் தேடும். தனது மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்ளும். அரை மணித்தியாலம் வரை ஆகலாம். இடையில் சுவிட்சை நிறுத்தி நிறுத்திப் போட்டால் அந்த வேலை குழம்பும்.

ஐந்து: போனின் வைஃபை பட்டியலில் ஸ்டார்லிங்க் என்ற பெயர் தெரியும். அதில் இணைந்து, செயலி கேட்கும்போது புதிய பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். கடவுச்சொல் இல்லாமல் விட்டால் வீதியில் போகிறவரும் பாவிப்பார்.

ஆறு: தட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று செயலி படம் போட்டுக் காட்டும். அதன்படி திருப்புங்கள். அயல் வீட்டுத் தட்டைப் பார்த்து வைப்பதை விட இது சரியானது.

ஏழு: இரண்டு மூன்று நாட்கள் அப்படியே பாவித்துப் பாருங்கள். அரை நாளுக்குப் பின்னர் செயலியில் தடைகளின் வரைபடம் உருவாகியிருக்கும். அது திருப்தியாக இருந்தால்தான் பைப் நட்டு, பொல்ட் போட்டு நிரந்தரமாக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத பொல்ட்களையே வாங்குங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அதைத் தொய்வாகத் தொங்கவிட்டால், மழைநீர் கேபிள் வழியே வீட்டுக்குள் வராமல் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். அணிலும் எலியும் கடிக்காதபடி பிவிசி பைப்புக்குள் விடுவது நல்லது. கேபிளை வெட்டி ஒட்டுப்போடக் கூடாது.

நின்றுபோனால் எங்கே பார்ப்பது?

முதலில் மூன்று கேள்விகள். எல்லாப் போனிலும் இல்லையா, ஒன்றில் மட்டும் இல்லையா? ரவுட்டருக்கு அருகே போய் நின்றாலும் இல்லையா? செயலி என்ன சொல்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ரவுட்டரில் விளக்கே எரியவில்லை: இது மின்சாரக் கண்ணி. அதே பிளக்கில் வேறொரு பொருளைப் போட்டுப் பாருங்கள். நீட்டிப்பு வயரை விட்டு நேரடியாகச் சுவர் பிளக்கில் கொடுங்கள். ரவுட்டருக்கென்று கடைகளில் கிடைக்கும் 12 வோல்ற் சிறு யூபிஎஸ் பெரிய தட்டுக்குப் பொருந்தாது. மின்வெட்டு நேரத்துக்கு அதன் சொந்தப் பவர் பெட்டியை ஓட்டக்கூடிய யூபிஎஸ் அல்லது இன்வேர்ட்டர் வேண்டும்.

விளக்கு எரிகிறது, வைஃபையும் தெரிகிறது, ஆனால் தட்டோடு தொடர்பில்லை என்று செயலி சொல்கிறது: இது கேபிள் கண்ணி. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ரவுட்டர் பக்க முனையைக் கழற்றி, ஈரமோ அழுக்கோ இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப இறுக்கமாக அழுத்துங்கள். கேபிள் ஓடும் வழியெங்கும் கடிபட்ட அடையாளம், கதவிடுக்கில் நசுங்கிய இடம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு மின்சாரம் கொடுத்துக் கால் மணித்தியாலம் காத்திருங்கள்.

யூடியூப் ஓடுகிறது, வட்ஸ்அப் அழைப்பு மட்டும் சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது: இது வானக் கண்ணி. யூடியூப் சற்று முன்கூட்டியே படத்தை இறக்கிவைத்துக்கொள்வதால் ஐந்து வினாடி அறுந்தாலும் நமக்குத் தெரியாது. அழைப்பில் அந்த வசதி இல்லை, உடனே தெரிந்துவிடும். செய்மதி ஒன்று தென்னோலைக்குப் பின்னால் போகும் வேளையில்தான் இப்படி நடக்கிறது. செயலியின் வரைபடத்தில் அந்தப் பக்கம் சிவப்பாகக் காட்டும். தட்டைச் சில அடி நகர்த்துவதோ பைப்பை உயர்த்துவதோ போதுமாக இருக்கலாம். பொருத்திய நாளில் நன்றாக இருந்து ஓராண்டில் கெட்டுப்போனால் கருவியைக் குறை சொல்லும் முன் மரத்தைப் பாருங்கள், அது வளர்ந்திருக்கும்.

கடும் மழையில் மட்டும் நிற்கிறது: இதுவும் வானம்தான், ஆனால் பழுது இல்லை. இந்த அலைகளை அடர்ந்த மழைத் துளிகள் விழுங்கிவிடும். மழை தணிந்ததும் தானாக வரும்.

மஃரிபுக்குப் பின் வேகம் குறைந்து நள்ளிரவில் கூடுகிறது: அந்நேரத்தில் உங்கள் பகுதியில் பலர் பாவிக்கிறார்கள். தட்டைத் திருப்பினால் மாறாது. பெரிய கோப்புகளை இறக்குவதைச் சுபஹுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

விறாந்தையில் வேகம், பின்னறையில் மந்தம்: இது வைஃபைக் கண்ணி. செங்கல் சுவரும், இரும்பு அலுமாரியும், பெரிய கண்ணாடியும் வைஃபையைத் தடுக்கும். ரவுட்டரை வீட்டின் நடுவே, இடுப்புக்கு மேலான உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். அழகுக்காக அலுமாரிக்குள் வைப்பவர்கள் தாம் பணம் கொடுத்து வாங்கிய வேகத்தை அங்கேயே பூட்டிவைக்கிறார்கள்.

எல்லாம் சரி, ஆனால் யாருக்கும் இல்லை: 2025 ஜூலை 24ஆம் திகதி ஸ்டார்லிங்க் சேவை உலகெங்கும் சுமார் இரண்டரை மணித்தியாலம் நின்றது. அந்நிறுவனத்தின் உள்ளக மென்பொருளில் ஏற்பட்ட கோளாறே காரணம். அத்தகைய நேரத்தில் வீட்டில் எதைத் தொட்டாலும் பயனில்லை. இதே சேவையுள்ள இன்னொரு வீட்டுக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பதே வழி.

ரீசெட் என்பது கடைசி மருந்து. அது வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துவிடும். கடவுச்சொல் மறந்தபோது உதவும். மற்றபடி, மின்சாரத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும். அந்த நாளில் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டாம்.

மின்னல் காலம்

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். வானம் இருட்டும்போதே, முதல் இடி கேட்கும் முன், பவர் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. மின்னல் தொடங்கிய பின் கேபிளையோ பைப்பையோ தொட வேண்டாம். உயரமான இரும்புப் பைப்பில் தட்டை வைத்தவர்கள், வயரிங் வேலை முறையாகத் தெரிந்தவரைக் கொண்டு அதற்கு நிலத்தொடுப்புச் செய்துகொள்ளுங்கள்.

கணக்கின் சாவி யாரிடம்?

ஐந்து கண்ணிகளில் அதிகம் மறக்கப்படுவது கணக்கு. வெளிநாட்டில் இருக்கும் மகன் தனது மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, தனது வங்கி அட்டையைக் கொடுத்திருப்பார். அட்டை காலாவதியானால் மாதக் கட்டணம் போகாது, சேவை நிற்கும். அறிவித்தல் அவரது மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். அவர் வேலைத்தளத்தில் இருப்பார். வீட்டிலோ தட்டைத் திருப்பி, கேபிளைக் கழற்றி, ஆள் அழைத்துக் கூலி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நிறுவனத்திடம் முறையிடுவதும் அந்தக் கணக்கின் வழியாகவே என்பதால், வீட்டாரால் உதவி கேட்கவும் முடியாது.

ஆகவே கருவியைப் பொருத்தும் நாளிலேயே வீட்டில் இருக்கும் பொறுப்பான ஒருவரின் போனிலும் செயலியை ஏற்றி, கணக்கில் நுழையும் முறையைப் பழக்கிவிடுங்கள். அது உம்மாவாக இருக்கட்டும், சாதாரண தரம் படிக்கும் மகளாக இருக்கட்டும். பழகினால் எவருக்கும் முடியும். மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், கட்டணம் போகும் திகதி, அட்டை முடியும் மாதம் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி, வீட்டு உறுதிப் பத்திரம் வைக்கும் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கருவியைக் கொடுத்தவர்கள் அதன் சாவியையும் கொடுக்க வேண்டும்.

கீழ்வரும் வரிகளை ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கூலி கொடுத்து ஆள் அழைக்கும் முன் மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள்.

மின்சாரம்: விளக்கு எரிகிறதா?
கேபிள்: முனைகள் மட்டமாக அழுந்தியிருக்கின்றனவா?
கணக்கு: இம்மாதக் கட்டணம் போயிற்றா?
வைஃபை: ரவுட்டருக்கு அருகே வேலை செய்கிறதா?
வானம்: செயலி தடை காட்டுகிறதா? மழையா?
ஐந்தும் சரியானால்: அயலில் விசாரித்து, ஒரு மணித்தியாலம் பொறுத்திருங்கள்.